சாமி படத்துக்குக் கீழே கடைப்பெயர்

2007-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தகாஷி முரகாமியின் ஓவியக் கண்காட்சி நடந்தபோது, அருங்காட்சியகத்துக்குள்ளேயே லூயி வித்தோன் கைப்பைக் கடை ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். காட்சிக்கு வைத்த மாதிரி அல்ல, காசு கொடுத்தால் பை கிடைக்கும். பையின் வண்ண எழுத்துகளை வடிவமைத்தவரும் முரகாமிதான். கலையைக் கடைக்கு இழுத்துவிட்டார் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு.

அவர் ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை. நிஹோங்கா என்னும் ஜப்பானிய மரபோவியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். உயர்கலை, ஜனரஞ்சகக் கலை என்ற பிரிவினையே மேற்கிலிருந்து வந்தது, எங்களுக்கு எல்லாம் ஒரே தளம்தான் என்பது அவர் வாதம். அதற்கு 'சூப்பர்ஃபிளாட்' என்று பெயரும் வைத்தார்.

அந்தத் தளத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். காட்டூரில் தஞ்சாவூர் ரோட்டோர மளிகைக்கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுக்கும் தினசரி காலண்டர் போதும். மேலே முருகன், கீழே கடைப்பெயரும் போன் நம்பரும். இன்று படங்களைக் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். ஆனால் அந்த முகவெட்டில் பெரும்பங்கு கோவில்பட்டி சி. கொண்டையராஜு தந்தது. 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கினார். சிவகாசி அச்சகங்கள் வழியாக அவர் சாமிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

சாமியை வைத்துப் பருப்பு விற்பது சரியா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம் வீடுகளில் அதற்கு எப்போதோ ஒரு பதில் கிடைத்துவிட்டது. டிசம்பர் முடிந்தால் தேதித்தாள் போய்விடும்; அட்டை போகாது. இலவசமாக வந்ததுதான், ஆனாலும் குப்பையில் போட மனசு வராது. கண்ணாடி போட்டு மாட்டுவார்கள், இல்லையென்றால் அரசமரத்தடியில் சாத்திவிட்டு வருவார்கள். எங்கள் பூஜையறையில் ஒரு முருகன், எப்போதோ மூடிவிட்ட ஜவுளிக்கடையின் பெயரோடு இன்னமும் நிற்கிறார். பல வீடுகளில் கடைப்பெயரைக் கத்தரித்துவிட்டுத்தான் சட்டம் போடுவார்கள். எங்கே வியாபாரம் முடிகிறது, எங்கே சாமி தொடங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது ஓவியரோ முதலாளியோ அல்ல, அந்தக் கத்தரிக்கோல்தான்.

முரகாமியின் பையில் அப்படிக் கத்தரிக்க முடியாது. விலையும் அதில் ஒரு வண்ணம். 2008 ஏலத்தில் அவர் சிற்பம் ஒன்று ஒன்றரைக் கோடி டாலருக்குப் போனது. சுவரை இடிக்கிறேன் என்கிறார். அந்தச் சுவர் இல்லாவிட்டால் அவருக்கு அந்த விலை இல்லை. இந்த விஷயத்தில் கொண்டையராஜுவின் சமதளம்தான் நேர்மையானது என்று எனக்குப் படுகிறது.

அதற்காக நம் பக்கம் ரொம்பப் பெருமைப்படவும் முடியாது. தன் ஓவியங்களின் பின்புறத்தில் உதவியாளர்கள் பெயரையெல்லாம் எழுதி வைப்பவர் முரகாமி. கொண்டையராஜுவும் சில படங்களில் சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்தே போட்டார். ஆனால் தினமும் விளக்கேற்றிக் கும்பிடும் வீட்டில் "இதை வரைஞ்சது யாருங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கையெழுத்து இருப்பது படத்தின் கீழ் ஓரத்தில், கடைப்பெயருக்குப் பக்கத்தில். கத்தரிக்கோல் கொஞ்சம் மேலே ஏறினால் அதுவும் சேர்ந்தே போய்விடும்.