எல்லை தாண்டிய கறி

மாட்டுக்கறி விஷயத்தில் நம் ஆட்களுக்குள் ரொம்பக் காலமாக இரண்டு கட்சி உண்டு. அதை விட்டுத் தொலைத்தால்தான் மேலே வரமுடியும் என்பது ஒரு கட்சி. நடுத்தெருவில் வைத்துத் தின்பதுதான் கலகம் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் சத்தமில்லாமல் ஒத்துப்போகின்றன. இழிவு அந்தக் கறிக்குள் இருக்கிறது என்று இரண்டுமே நம்புகின்றன. ஒருவர் துப்பச் சொல்கிறார், மற்றவர் விழுங்கிக் காட்டச் சொல்கிறார். இழிவு கறியில்தான் இருக்கிறதா? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியது கூட்டமோ புத்தகமோ அல்ல. 2018இல் சிங்கப்பூர் போயிருந்தபோது வாய்த்த ஒரு ராத்திரிச் சாப்பாடு.

அதைச் சொல்வதற்கு ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் எனக்கு. இப்போது 'அருந்ததியர் தெரு' என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஊர் வாயில் சக்கிலியக்குடிதான். சங்கரன்கோவிலில் சிவனும் பெருமாளும் ஒரே உடம்பில் பாதிப் பாதியாக நிற்கிறார்கள். அந்தக் காட்சிக்காகத் தபசு இருந்த அம்மனுக்குப் பேர் கோமதி. ஆவுடையம்மை என்றாலும் அவள்தான். ஆ என்றால் பசு; பசுக்களை உடையவள். அந்த ஊரில்தான் ஆட்டுக்கறிப் பிரியாணி சாப்பிட வெளியூரிலிருந்து ஜனம் கார் போட்டு வருகிறது. எல்லாச் சாதியும் ஒரே வரிசையில் நிற்கிறது. ஆடு யாரையும் தீட்டாக்கியதில்லை.

எங்கள் தெருவுக்கு வந்தது மாடு. அதுவும் அறுத்த மாடு இல்லை, செத்த மாடு. சம்சாரி வீட்டு உழவு மாடு கிழடாகிப் படுத்துச் செத்தால் ஆள் வரும். "ஏலே, மாடு கிடக்கு, தூக்கிட்டுப் போங்கல." பெரியப்பாவும் இன்னும் மூணு பேரும் கம்பில் கட்டித் தூக்கி வருவார்கள். தோலை உரித்துப் பதம்பண்ணி, அதே சம்சாரிக்குக் கமலை இறைக்கத் தோல்வாலும் காலுக்குச் செருப்பும் தைத்துக் கொடுக்கவேண்டும். காசு கிடையாது. கறிதான் கூலி. கூறு போட்டுப் பனையோலைப் பட்டையில் வீட்டுக்கு ஒரு கூறு வரும். ஆயுசு முழுக்க ஏர் இழுத்த மாட்டின் சதை லேசில் வேகுமா? அம்மா காலையில் அடுப்பில் ஏற்றினால் பொழுது சாய்ந்துவிடும். மிஞ்சியதை வரிவரியாக அறுத்து உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போடுவாள். காக்கா விரட்டுவது என் வேலை. பள்ளிக்கூடம் போகும்போது, "எவனாச்சும் கேட்டா கருவாடுன்னு சொல்லுல" என்று சொல்லித்தான் அனுப்புவாள்.

இன்னொன்றையும் வலியோடுதான் எழுதவேண்டியிருக்கிறது. பக்கத்துப் பள்ளக்குடியில் இந்தக் கறியை எப்போதோ விட்டுவிட்டார்கள். விட்ட பெருமையில் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். சரி, விட்டவர்களை ஊர் மேலே ஏற்றிக்கொண்டதா? எங்கள் ஊர் டீக்கடையில் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே தனிக்கிளாஸ்தான். தின்றவனுக்கும் தின்னாதவனுக்கும் கடைக்காரன் வித்தியாசம் பார்க்கவில்லை. இழிவு கறிக்குள் இல்லை என்பதற்கு அந்தக் கிளாஸே போதுமான சாட்சியாக இருந்திருக்கும்.

சிங்கப்பூருக்கு வருகிறேன். கூப்பிட்டவன் கல்லூரித் தோழன். சங்கரன்கோவிலில் தேரோடும் வீதியில் வீடு. நல்லவன். படிக்கிற காலத்தில் எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்டியிருக்கிறான். எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் வாசலிலேயே 'வயிறு சரியில்ல மாப்ள' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். (வாயால் 'மாப்ள' என்று கூப்பிடுவதற்குச் செலவே இல்லை, நம் கல்லூரி விடுதிகளில் எத்தனை மாப்பிள்ளைகள்!) அங்கே பெரிய வேலை. 'ஸ்டேக்' மட்டுமே பரிமாறுகிற ஒரு விலையுயர்ந்த உணவகத்துக்குக் கூட்டிப்போனான். கூட அவன் மனைவி, அலுவலக நண்பர் ஒருவர். முகம் பாதிதான் தெரிகிற வெளிச்சம். மரப்பிடி போட்ட ஆறு கத்திகளைப் பெட்டியில் வைத்து நீட்டி, எந்தக் கத்தி வேண்டும் என்று பரிமாறுகிறவர் கேட்டார். எங்கள் தெருவில் ஒரு கத்தியை ஆறு வீடு இரவல் வாங்கும்.

அட்டையைப் பார்த்தேன். ஜப்பானில் எந்த வட்டாரம், என்ன தரம், எத்தனை கிராம், எல்லாம் எழுதியிருந்தது. பரிமாறுகிறவர் அந்த மாட்டின் வம்சத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். ஜப்பானில் 2003இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண் உண்டு. அதை வைத்து அது பிறந்த பண்ணைவரை தெரிந்துகொள்ளலாம். நான் குனிந்து, "நம்ம மாட்டுக்கறியத்தான் இவ்வளவு சொல்லுதாரா?" என்று கேட்டேன்.

"மாட்டுக்கறின்னு சொல்லாத மாப்ள. இது வாக்யூ" என்றான்.

அவன் கேலி செய்யவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். வாக்யூ என்ற ஜப்பானியச் சொல்லுக்கு ஜப்பான் மாடு என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. அலுவலக நண்பர் இன்னும் தெளிவானவர். "நான் இந்தியாவுல தொடவே மாட்டேன் சார். இங்க மட்டும்தான்" என்றார்.

கறி வந்தது. ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வெண்ணெய் மாதிரி கரைந்தது. உள்ளே சிவப்பாக, பாதி வெந்தும் வேகாமலும். ஒருநாள்கூடக் கழுத்தில் நுகத்தடி ஏறாமல், தின்பதற்கென்றே வளர்த்து மூன்று வயதுக்குள் அறுக்கிற மாடு அது. அதைப் பாதி வேக்காட்டில் தின்னமுடியும். எங்களுக்கு வந்த மாட்டை அப்படித் தின்ன முயன்றால் பல்தான் போகும். விலையைப் பார்த்து மனசுக்குள் ரூபாயாக்கினேன். பெரியப்பா ஆயுசில் அவ்வளவு ரூபாயை மொத்தமாகப் பார்த்ததில்லை.

அந்த அலுவலக நண்பர் சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். 'இங்க மட்டும்.' பசுவைக் கொல்வது பாவம் என்றால் அந்தப் பாவம் குடியேற்ற அதிகாரியின் மேசையோடு நின்றுவிடுமா? எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்பவரோடு எனக்கு வழக்கில்லை. அவர் ஆட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறார். அவரோடு இன்னொரு நாள் உட்கார்ந்து பேசலாம். ஆனால் எல்லையைத் தாண்டினால் செல்லாது என்கிற அறம் மாட்டைப் பற்றிய அறம் அல்ல. அது தின்கிறவனைப் பற்றியது. இந்தியாவில் தின்றால் 'யாரோடு சேர்ந்து தின்றாய்' என்ற கேள்வி வரும். சிங்கப்பூரில் வராது. அந்த மேசையில் கறியிலிருந்து கழுவி எடுத்தது ரத்தத்தை அல்ல, எங்கள் தெருவை. தெருவை எடுத்துவிட்டால் கறி சுத்தம்.

வெள்ளைக்காரனும் இந்தக் கேள்வியைத்தான் எழுதி வைத்தான். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்துக்களிலிருந்து தாழ்த்தப்பட்டவர்களைப் பிரித்தறியப் பத்து அளவுகோல் கொடுத்தார்கள். மாட்டுக்கறி தின்பதும் பசுவை வணங்காமலிருப்பதும் அதில் ஒன்று. தீண்டாமை எப்படிப் பிறந்தது என்று ஆராய்ந்து 1948இல் எழுதிய நூலில் அம்பேத்கர் அதை எடுத்துக்காட்டுகிறார். அந்தத் தாளை அன்றைக்கு அந்த மேசையில் நீட்டியிருந்தால் என் தோழன் அந்த ஒரு கேள்விக்காவது என் சாதிக்கு வந்திருப்பான்.

வாக்யூவைப் பற்றித் திரும்பி வந்து படித்தேன். நம் கதையே அங்கேயும் இருக்கிறது. ஜப்பானில் 675இலேயே ஒரு சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி தின்பதற்குத் தடை போட்டார். செத்த மாட்டைத் தூக்கித் தோலுரித்தவர்களை 'எத்தா' என்றார்கள். அழுக்கு நிறைந்தவர் என்று அர்த்தம். தனிக்குடியிருப்பு, தனிப் பெண்-கொடுக்கல். 1871இல் அந்தப் பட்டத்தைச் சட்டம் ஒழித்தது. 1872இல் மெய்ஜி சக்கரவர்த்தியே மாட்டுக்கறி சாப்பிட்டார் என்று நாட்டுக்கு அறிவித்தார்கள். வெள்ளைக்காரனைப் போலப் பலசாலியாக அதைத் தின்னவேண்டும் என்று பிரச்சாரம் நடந்தது. கறிக்கு விடுதலை கிடைத்துவிட்டது. ஆட்களுக்கு? ஐம்பது வருஷம் பொறுத்துப் பார்த்து 1922இல் கியோட்டோவில் கூடி அவர்களே தங்களுக்கு ஒரு சமத்துவ இயக்கம் கண்டார்கள். நம் மகாத் போராட்டத்துக்கு ஐந்து வருஷம் முன்னால். 1975இல் என்ன வெளியே வந்தது தெரியுமா? அவர்களுடைய குடியிருப்புகளின் பட்டியலைக் கம்பெனிகள் ரகசியமாக விலைக்கு வாங்கி, வேலை கேட்டு வருகிறவனின் முகவரியோடு ஒத்துப் பார்த்திருக்கின்றன. இந்த நூற்றாண்டிலும் டோக்கியோவின் ஷிபவுரா இறைச்சிச் சந்தையில் அறுக்கிறவர்களுக்குத் திட்டிக் கடுதாசி வந்திருக்கிறது. உலகமே மெச்சுகிற கறி அது. அதை அறுக்கிற கைக்குக் கடுதாசி.

ஆகவே கறி மேலே ஏறுவதால் நாம் ஏறுவதில்லை. இதைக் கலகக் கட்சித் தோழர்களுக்கும் சொல்லவேண்டும். 2017 மே மாதம் சந்தையில் மாடு விற்பதற்கு மத்திய அரசு விதி போட்டபோது சென்னை ஐஐடியில் மாணவர்கள் மாட்டுக்கறி விழா நடத்தினார்கள். அதில் கலந்துகொண்ட ஒரு மாணவரின் கண்ணில் அடித்தார்கள். அந்த மாணவர்கள் பக்கம்தான் நான். 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதைக் கேள்வி கேட்டவர்கள் பக்கமும்தான். எவன் எதைத் தின்பது என்று அரசாங்கம் சொல்லக்கூடாது. ஆனால் தின்னும் உரிமையோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை.

அம்பேத்கர் 1927இல் மகாதில் செத்த மாட்டுக்கறியை விடச் சொன்னார். அதைக் கேட்டு நம்மில் சிலர் 'பார், அவரே சைவமாகச் சொன்னார்' என்கிறார்கள். அவர் நாவைப் பற்றிப் பேசவில்லை. எச்சில் சோறு வாங்காதே, செத்ததைத் தின்னாதே என்றார். அதாவது, கூலியில்லாத வேலைக்குக் கூலியாக வீசுகிறதை வாங்காதே என்றார். கறியை விட்டுவிட்டு மாட்டைத் தூக்கிக்கொண்டே இருந்தால் என்ன பிரயோசனம்? குஜராத்தில் ஊனா பக்கம் 2016 ஜூலையில் செத்த பசுவின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்கு அங்கிருந்த நம் ஆட்கள் சொன்ன பதில் விருந்து அல்ல, விரதமும் அல்ல. செத்த மாடுகளை வண்டியில் ஏற்றி வந்து சுரேந்திரநகர் கலெக்டர் அலுவலகத்து முன்னால் போட்டார்கள். இனித் தூக்கமாட்டோம், எங்களுக்கு நிலத்தைக் கொடு என்றார்கள்.

எங்கள் ஊரில் இப்போது கமலை இல்லை, உழவு மாடும் அநேகமாக இல்லை. பால்மாடுதான் இருக்கிறது. போன வருஷம் சம்சாரி ஒருவர் வீட்டுச் சீமைப்பசு செத்துப்போனது. எங்கள் தெருவுக்கு ஆள் வந்தது. பெரியப்பா பேரன், பிளஸ் டூ படித்தவன், "வரமாட்டோம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். ஒருநாள் முழுக்க மாடு கிடந்தது. மறுநாள் சங்கரன்கோவிலிலிருந்து ஜேசிபி வந்தது. ஓட்டிவந்த பையன் குழி தோண்டி, மாட்டை அள்ளிப் போட்டு, மண்ணை மூடிவிட்டு, அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தான். அவன் என்ன ஆளு என்று யாரும் கேட்கவில்லை. மணிக்கணக்குப் போட்டு வாடகையை எண்ணிக் கொடுத்தார்கள்.