போகவிடாத படிப்பு

1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியபடியே தமிழ் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர்களுக்கு அரசு வேலையும் வெளியூர்ச் சம்பளமும் காத்திருந்தன. கிராமத்து நோயாளிக்கு ஆள் இல்லை. தாயகம் சென்று 1862இல் திரும்பிய கிரீன், பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர்கள் தோள்கொடுக்க, 1867இல் ‘இரண வைத்தியம்’ அச்சேறியது. ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வந்தது.

இதைத் தமிழ்த்தொண்டு என்று போற்றுவது சரியே. ஆனால் கிரீனின் கணக்கில் இன்னொன்றும் இருந்தது: தமிழில் படித்தவர் ஊரைவிட்டுப் போகமாட்டார். ஏழைக்கு வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஓர் இளைஞனின் எதிர்காலத்தை ஆசிரியர் குறுக்கலாமா?

எத்தகைய எதிர்காலம் என்பதற்குக் கோலாலம்பூரே சாட்சி. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் அடுத்த தலைமுறைகளில் மலாயாவுக்குக் கப்பலேறினர். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் அமர்ந்தனர். பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமம் 1904இல் அவர்கள் முயற்சியால் தோன்றியதே. அவர்கள் அனுப்பிய பணம் ஊரில் எத்தனையோ குடும்பங்களைத் தூக்கிவிட்டது. அந்தக் கப்பலில் ஏறும் வழியைத்தான் தமிழ்வழிப் படிப்பு அடைத்தது.

மறுபக்கமும் கனமானது. பிள்ளை குறுக்கே சிக்கித் தவிக்கும் தாய்க்கு, மருத்துவரின் உரிமை பற்றிய வாதம் உதவாது. அவளுக்குக் கூப்பிடு தூரத்தில், அவள் சொல்வது புரிகிற ஒருவர் வேண்டும். உயிரையும் சம்பளத்தையும் ஒரே தராசில் வைத்தால் உயிரின் தட்டே தாழும். அந்த அளவில் கிரீன் செய்தது நியாயம்.

உறுத்துவது வேறொன்று. கிரீனுக்குத் திரும்பிப்போக ஊர் இருந்தது. 1873இல் போகவும் செய்தார். மாணவர்களுக்கு அடைத்த கதவு அவருக்குத் திறந்தே இருந்தது. ஆனால் வெறும் கட்டளையிட்டவர் அல்லர் அவர். ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு உழைத்தார். பிறரைக் கட்டிப்போட்டவர் தாமும் ஒரு பங்கு சுமந்தார்.

மலேசியாவில் இன்று மருத்துவரைக் கட்டிவைக்கும் அரசு சுமக்கும் அந்தப் பங்கு எங்கே? ஷா ஆலம் நகரம் எழுந்த இடம் ஒருகாலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். தோட்டத்து மக்களுக்குப் பெரும்பாலும் வாய்த்தவர் டிரெஸர் எனும் மருத்துவ உதவியாளர்தான், டாக்டர் அல்லர். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று ஷா ஆலம், கிள்ளான் அரசு மருத்துவமனைகளை நம்பி வாழ்கிறார்கள். இளம் மருத்துவர் கட்டாயச் சேவை செய்ய வேண்டும் என்று அரசு கேட்பதில் தவறில்லை. ஆனால் 2016 இறுதி முதல் அதே அரசு இளம் மருத்துவர்களை நிரந்தர வேலை தராமல் ஒப்பந்தத்தில் வைத்தது. 2021 ஜூலை 26இல் அவர்கள் கறுப்புடையில் வேலைநிறுத்தம் செய்தது அதனால்தான்.

இரு என்று சொல்பவர், இருக்க இடமும் தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் சிங்கப்பூருக்குப் போகும் மருத்துவரை நன்றியற்றவர் என்று பழிக்க இந்த அரசுக்கு உரிமை இல்லை. நிரந்தரப் பணியும் மேற்படிப்பும் கொடுத்த பிறகும் ஒருவர் போனால், அப்போது கிள்ளான் நோயாளி அவரைக் கேள்வி கேட்கலாம்.