பகலெல்லாம் வென்றவர் மஃரிபில் தோற்கலாமா?

 



நமது புதுக்கோட்டை மாவட்டத்தில், கடலோரத்துக் கோட்டைப்பட்டினம் ஆயினும் சரி, உள்நாட்டு அறந்தாங்கி ஆயினும் சரி, ரமலான் மாதத்து மஃரிப் நேரம் கண்ணுக்கும் கல்புக்கும் குளிர்ச்சியானது. பாங்கு ஒலித்ததும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி. ஏழையும் செல்வந்தரும் ஒரே பாயில் அமர்ந்து நோன்பு திறக்கிறார்கள்.

ஆனால், அடுத்த நிமிடமே சிலர் மெல்ல எழுந்து மதிற்சுவருக்கு அப்பால் போய்விடுகிறார்கள். இருட்டில் சிறு நெருப்புப் புள்ளிகள் தெரிகின்றன. உள்ளே இகாமத் சொல்லப்படுகிறது. வெளியே சிகரெட் பாதி மிச்சமிருக்கிறது. கடைசியில், முதல் ரக்அத் கைவிட்டுப் போகிறது!

அவர்களில் ஒரு பெரியவர் ஒருநாள் நம்மிடம் வந்து மனம் நொந்து சொன்னார்: “நோன்பு வைத்தால் பகலில் அதன் நினைப்பே பெரிதாக வருவதில்லை ஹஜ்ரத். பாங்குச் சத்தம் கேட்டதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. நாற்பது வருசப் பழக்கம். என்னால் விட முடியவில்லை.”

“மாமா! இன்று ஸஹரிலிருந்து மஃரிப் வரை விட்டிருந்தது யார்?” என்று கேட்டோம். அவர் பதில் பேசவில்லை.

சகோதரர்களே! இந்தக் கேள்வியைச் சற்றுச் சிந்தியுங்கள். புகைத்தால் நோன்பு முறிந்துவிடும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபினருக்கும் தெரிந்த சட்டம். அதனால் 13 மணி நேரத்துக்கு மேல் அதை நெருங்காமல் இருக்கிறோம். பழக்கம் நம் எஜமானாக இருந்திருந்தால், அது நண்பகலிலேயே நம்மைக் கடைக்கு இழுத்துச் சென்றிருக்கும். ஏன் இழுக்கவில்லை? பகலில் கதவு அடைக்கப்பட்டிருக்கிறது என்பது நப்ஸுக்குத் தெரியும். அடைத்த கதவின் முன் அது நெடுநேரம் நின்று கெஞ்சுவதில்லை. பாதி திறந்த கதவின் முன்தான் கெஞ்சுகிறது.

நிகோடின் என்னும் பொருள் உடலைப் பிடித்து வைத்திருப்பது உண்மைதான். ஆனால் பழக்கத்துக்கு இன்னொரு பிடியும் உண்டு. அது நேரத்திலும் இடத்திலும் கூட்டாளியிலும் இருக்கிறது. அதே சுவர், அதே நண்பர், அதே தேநீர்! அங்கே போய் நின்றுகொண்டு, “யா அல்லாஹ், என்னைக் காப்பாற்று” என்றால் போதுமா?

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். சோதனை நெருங்கியபோது அந்த நபி அந்த அறையில் நின்று தம் மன உறுதியைச் சோதித்துப் பார்க்கவில்லை. வாசலை நோக்கி ஓடினார்கள். நபியே ஓடினார்கள் என்றால், நாம் எம்மாத்திரம்? தொண்ணூற்றொன்பது கொலை செய்துவிட்டு மேலும் ஒருவரைக் கொன்ற மனிதரின் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் வருகிறது. தவ்பாவைத் தேடி வந்த அவருக்கு ஆலிம் சொன்ன முதல் யோசனை, அந்த ஊரை விட்டுவிட்டு நல்லோர் வாழும் ஊருக்குப் போ என்பதே. தீய நண்பனை நாயகம் (ஸல்) அவர்கள் கொல்லனின் துருத்திக்கு ஒப்பிட்டார்கள்: ஆடையைச் சுடும், இல்லையேல் கெட்ட வாடையாவது வந்து சேரும். மதிற்சுவரோரம் நிற்பவருக்கு இரண்டுமே கிடைக்கின்றன!

“மதுவைக்கூட அல்லாஹ் படிப்படியாகத்தானே தடுத்தான், நாமும் மெல்ல மெல்லக் குறைப்போம்” என்பார் சிலர். படிப்படியாக வந்தது உள்ளங்களைப் பக்குவப்படுத்துவதற்காக. இறுதிக் கட்டளை வந்த அன்று மதீனாவின் தெருக்களில் மது ஊற்றப்பட்டு ஓடியது. கடைசியாக ஒரு கிண்ணம் குடித்துக்கொள்கிறோம் என்று ஸஹாபாக்கள் கேட்கவில்லை.

புகைப்பதை மக்ரூஹ் என்ற உலமாக்கள் உண்டு. அதன் கேடு தெளிவான பின் ஹராம் என்றவர்களும் உண்டு. நன்மை என்றவர் யார்? நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சூரா பகராவில் அல்லாஹ் எச்சரிக்கிறான். நமது புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையால் பாடுபட்டு, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். வாயிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் வரும் புற்றுநோய்க்குப் புகையிலை பெருங்காரணம். தமிழ்நாட்டில் இறந்த 43,000 ஆண்களைப் பற்றி நடத்தி 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வு, காசநோயால் மாள்வது புகைப்போரிடையே ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் காட்டியது. புகைக்காத மனைவி மக்களையும் அந்தப் புகை விடுவதில்லை. 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்க, பிள்ளையையே பெட்டிக்கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொல்கிறோமே, இது தகுமா?

அந்தப் பெரியவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம். நோன்பு திறந்ததும் வாசல் பக்கம் போகாதீர்கள். முதல் ஸஃப்புக்குப் போங்கள். சட்டைப் பையில் சிகரெட்டுக்குப் பதில் மிஸ்வாக் இருக்கட்டும். ஃபர்ளு முடிந்தால் சுன்னத், பிறகு சற்று நேரம் குர்ஆன். ஆசை எழுந்தால் ஒளூச் செய்யுங்கள். அந்த வேகம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். முதல் இரண்டு மூன்று நாட்கள்தாம் மிகக் கடினம். தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் போகலாம். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டுள்ள 1800-11-2356 என்ற இலவச எண்ணிலும் யோசனை கேட்கலாம். இதில் வெட்கம் வேண்டாம்.

தாய்மார்களே! விட முயலும் கணவரோ மகனோ ஒருநாள் வழுக்கிவிட்டால், “எனக்கு அப்போதே தெரியும்” என்று குத்திப் பேசாதீர்கள். பத்து நாள் விட்டவர் பதினோராம் நாள் தவறினால் அந்தப் பத்து நாளும் வீணாகிவிடவில்லை. தவ்பாவின் வாசலை அல்லாஹ் திறந்தே வைத்திருக்கிறான்.

அந்தப் பெரியவர் பிறகு வந்தார். “இரண்டு முறை தவறிவிட்டேன் ஹஜ்ரத். ஆனால் இந்த வாரம் முதல் ரக்அத் தவறவில்லை” என்றார். அல்ஹம்துலில்லாஹ்!

பகலில் நம்மைக் காத்த ரப்பு இரவிலும் காப்பானாக! ரமலானில் அடைத்த கதவை ஷவ்வாலிலும் திறக்காதிருக்கும் உறுதியை நம் அனைவருக்கும் நஸீபாக்குவானாக! ஆமீன்.