மாற்றுத்திறனாளி வீரரைக் கண்டு நாம் சொல்லும் அல்ஹம்துலில்லாஹ்

  

உங்களில் பலருடைய கைப்பேசிக்கு அந்த வீடியோ வந்திருக்கும். எகிப்தின் திம்யாத் பகுதியைச் சேர்ந்த இப்ராஹீம் ஹமத்தூ என்பவர் டேபிள் டென்னிஸ் ஆடுகிறார். பத்து வயதில் ரயில் விபத்தில் இரண்டு கைகளையும் இழந்தவர். மட்டையின் பிடியைப் பற்களால் கவ்விக்கொள்கிறார். காலணி இல்லாத கால்விரல்களால் பந்தை எடுத்து மேலே எறிந்து, கழுத்தைத் திருப்பி அடிக்கிறார். வீடியோவின் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியிருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: "அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் நமக்கு எல்லாவற்றையும் நிறைவாகத் தந்திருக்கிறான்."

நல்ல வார்த்தைதான். ஆனால் அதைப் பற்றித்தான் இன்று சிந்திக்க வேண்டும். ஒரு மனிதரின் உடலைப் பார்த்து, நம் உடலுக்காக நன்றி சொல்கிறோம். அப்போது அந்த மனிதர் நமக்கு யார்? சகோதரரா, அல்லது நம் ஷுக்ருக்கு ஓர் உதாரணப் பொருளா?

சோதனைக்குள்ளானவரைக் கண்டால் ஓத வேண்டிய ஒரு துஆ திர்மிதியில் வருகிறது. அந்தச் சோதனையிலிருந்து தன்னைக் காத்த அல்லாஹ்வைப் புகழும் துஆ அது. பலருக்கும் மனப்பாடம். அதே இடத்தில் இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் இன்னொன்றையும் பதிவு செய்கிறார்கள். அபூ ஜஃபர் முஹம்மத் பின் அலீ (ரஹ்) அவர்கள், இதைத் தன் மனதிற்குள் சொல்லிக்கொள்ள வேண்டும், சோதனைக்குள்ளானவர் காதில் விழும்படி சொல்லக்கூடாது என்றார்கள். துஆவை நாம் பிடித்துக்கொண்டோம், இந்த ஒழுக்கத்தை விட்டுவிட்டோம். வீடியோவின் கீழே எழுதினால் அவர் காதில் விழாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களிடமும் கைப்பேசி இருக்கிறது.

இன்னொரு செய்தியையும் பாருங்கள். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கிலும், கொரோனாவால் ஒரு வருடம் தள்ளி 2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கிலும் ஹமத்தூ ஆடினார். ஒற்றையர் ஆட்டங்களில் அவர் தோற்றார். இதை எத்தனை பேர் அறிவோம்? அவர் மட்டையைக் கவ்வியதைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ஸ்கோர் என்ன என்று கேட்டவர்கள் சொற்பம். ஒரு விளையாட்டு வீரரிடம் ஸ்கோரைக் கேட்காமல் விடுவது மரியாதை அல்ல, சகோதரர்களே. அவர் அங்கே வந்ததே ஜெயிக்கத்தான். தோல்வி அவருக்கு வலித்திருக்கும், நமக்கு வலிக்கவில்லை. ஏனென்றால் நாம் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை.

அவர் இந்த விளையாட்டுக்கு வந்த கதையை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஊரில் இரண்டு நண்பர்கள் ஆடிக்கொண்டிருந்தபோது அவர் நடுவராக இருந்தார். ஒரு புள்ளியில் தகராறு. இவர் ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னதும் மற்றவர், உன்னால் ஒருபோதும் ஆட முடியாது, நீ இதில் தலையிடாதே என்றாராம். அந்தச் சொல்தான் அவரை மேசைக்கு இழுத்து வந்தது. முதலில் மட்டையை அக்குளில் இடுக்கிப் பார்த்தார், சரிப்படவில்லை. பிறகுதான் வாயால் கவ்வப் பழகினார்.

டேபிள் டென்னிஸ் விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. சர்வீஸ் போடுபவர் பந்தை விரித்த உள்ளங்கையில் வைத்துத்தான் எறிய வேண்டும். உடல் குறைபாட்டால் முடியாதவருக்கு இந்த நிபந்தனையை நடுவர் தளர்த்தலாம். ஆனால் வலையின் உயரம் அதே 15.25 செ.மீ. வெற்றிக்கு அதே 11 புள்ளிகள். செய்யும் முறையில் சலுகை உண்டு, கணக்கில் சலுகை இல்லை.

இது நமக்குப் புதிதா? ஃபிக்ஹு படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல வியாதி இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்ன வழி: நின்று தொழ வேண்டும், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் விலாப்புறமாகப் படுத்து. புகாரியில் உள்ள செய்தி இது. நிற்பது தளர்ந்தது, தொழுகை தளரவில்லை. கை இல்லாதவருக்குக் கையைக் கழுவும் கடமை இல்லை, ஆனால் அல்லாஹ்வின் முன் நிற்கும் கண்ணியம் அவரிடமிருந்து எடுக்கப்படவில்லை. நம் பரிதாபம் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. "பாவம், அவருக்கு எதற்கு இந்தச் சிரமம்" என்று காரியத்தையே அவரிடமிருந்து எடுத்துவிடுகிறது.

அம்ர் பின் ஜமூஹ் (ரலி) அவர்களின் வரலாற்றை இந்தக் கண்ணோடு பாருங்கள். கடுமையாகக் கால் ஊனமானவர்கள். நான்கு மகன்களும் நபியவர்களோடு போர்க்களம் செல்லும் வாலிபர்கள். உஹத் நாளில் தந்தை புறப்பட, மகன்கள் தடுத்தார்கள்: அல்லாஹ்வே உங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறானே என்றார்கள். பிள்ளைகள் சொன்ன சட்டமும் சரி, அவர்கள் வைத்த பாசமும் உண்மை. தந்தை நேராக நபி (ஸல்) அவர்களிடம் போய்விட்டார்கள். இந்த ஊனக்காலோடு சொர்க்கத்தில் நடக்க ஆசைப்படுகிறேன் என்றார்கள். நபியவர்கள் இரண்டு பக்கமும் பேசினார்கள். அவரிடம், உங்கள் மீது கடமை இல்லை என்றார்கள். மகன்களிடம், அவரைத் தடுக்காதீர்கள் என்றார்கள். அம்ர் (ரலி) உஹதில் ஷஹீதானார்கள்.

மார்க்கம் தந்த விலக்கு அவருடைய உரிமை. வேண்டுமென்றால் அவர் எடுத்துக்கொள்வார். அதை வைத்து அவரை வீட்டில் பூட்டும் அதிகாரம் மகனுக்கும் இல்லை, தந்தைக்கும் இல்லை. நம் மஹல்லாவிலேயே, போலியோவால் கால் சூம்பிய பையனை, விழுந்துவிடுவான், பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று மைதானத்துக்கு அனுப்பாத பெற்றோர் உண்டு. பாசம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஹமத்தூ ஆடிய அதே ரியோ போட்டியில், சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியவர் அவர். டோக்கியோவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி, 2024-ல் பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம். குறுக்குக் கம்பி யாரைப் பார்த்தும் பரிதாபப்படுவதில்லை. அங்கே சென்டிமீட்டர்தான் பேசும்.

சிரிப்பார்கள் என்ற பயத்துக்கும் நபியவர்களிடம் பதில் இருக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் பறிக்கும்போது காற்றில் தடுமாறினார்கள். அவர்களின் மெலிந்த கெண்டைக்கால்களைப் பார்த்துத் தோழர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தக் கால்கள் மீஸானில் உஹத் மலையை விடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அவர் மீது பரிதாபம் காட்டவில்லை, எடையைச் சொன்னார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. இந்த வீடியோக்களைக் காட்டி, "கையில்லாதவரே ஆடுகிறார், உனக்கு என்ன வந்தது?" என்று படுக்கையில் கிடக்கும் இன்னொரு மாற்றுத்திறனாளியைக் கடிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். இது பெரிய அநியாயம். எல்லாரும் பதக்கம் வாங்கத் தேவையில்லை. பலமான முஃமின் சிறந்தவர் என்று சொன்ன அதே ஹதீஸில், இருவரிடமும் நன்மை உண்டு என்பதும் சேர்ந்தே வருகிறது. வீட்டிலிருந்து ஸப்ர் செய்பவரின் ஸப்ரை அளக்க நம்மிடம் ஸ்கோர் போர்டு கிடையாது.

கடைசியாக நம் பள்ளிவாசலுக்கு வருவோம். கண் தெரியாத ஸஹாபி இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள், அழைத்து வர ஆளில்லை, வீட்டில் தொழ அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். அனுமதி கொடுத்த நபியவர்கள், திரும்பிப் போகும்போது கூப்பிட்டு, பாங்கு கேட்கிறதா என்று கேட்டார்கள். கேட்கிறது என்றதும், அப்படியானால் வாருங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். உலமாக்கள் இதில் பல விளக்கங்கள் தருகிறார்கள். எனக்குப் படுவது, அந்த ஸஃப்பில் அவருடைய இடம் காலியாக இருப்பதை நபியவர்கள் விரும்பவில்லை.

நம் ஊர் பாங்கு சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் கேட்கத்தான் செய்கிறது. வந்து பார்த்தால் வாசலில் ஏழு படிகள், ஓரத்தில் சாய்தளம் இல்லை. ஒளு செய்யும் இடத்தில் வழுக்கும் தரை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கூட இல்லை. வர முடியாதவர் மீது ஜும்ஆ கடமை இல்லை என்று சட்டம் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அவரால் வர முடியாமல் செய்தது அவர் காலா, நாம் கட்டிய படியா? தொழுகை முடிந்ததும் நிர்வாகிகள் ஐந்து நிமிடம் வாசலில் நின்று அந்தப் படிகளை அளந்து பாருங்கள். சாய்தளத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கொத்தனாரிடம் கேட்டு, அடுத்த ஜும்ஆவில் ஜமாஅத்துக்குச் சொல்லுங்கள்.