நோயுற்ற இளையோரும் வினைக் கொள்கையும்

தான் ஈட்டிய வினையின் பயனை உயிர் தானே துய்க்கின்றது என்பது நாம் இளமை முதல் கேட்டு வளர்ந்த கொள்கை. ஆயினும் அதனை எவரிடம், எந்நிலையில், எவ்வாறு எடுத்துரைப்பது என்பதைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. அரிய நோயொன்றால் வருந்தும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையின் முன்னிலையில், "எந்தப் பிறவியில் என்ன பாவம் செய்ததோ!" என்று பெரியோர் பெருமூச்செறிவதுண்டு. அச்சொல் அறத்தின்பாற்பட்டதாகுமா? இதனை ஆராய்வது இல்லறத்தாராகிய நம் கடமையாகும்.

முதலில் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். நம் உடலில் நோயெதிர்ப்பு ஆற்றல் என்னும் காவல் அமைந்துள்ளது. வெளியிலிருந்து புகும் கிருமிகளை இனங்கண்டு விலக்குவது அதன் தொழில். சிலருக்கு அக்காவல் தன் உடலின் திசுக்களையே அயலவை எனக் கொண்டு சிதைக்கத் தொடங்கிவிடுகின்றது. இவ்வகை நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர். அவற்றுள் ஒன்று சிறாரைப் பற்றும் ஜுவனைல் டெர்மடோமயோசிடிஸ் என்பது. ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் சிறாருள் ஏறத்தாழ 2 முதல் 4 பேருக்கே இது புதிதாகத் தோன்றுகின்றது. ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கே மிகுதியாக வருகின்றது. தசைகளும் தோலும் அழற்சியுறுகின்றன. கண்ணிமைகளில் ஊதா நிறம் படர்கின்றது. விரல் மூட்டுகளின் மேல் சிவந்த தடிப்புகள் தோன்றுகின்றன. தரையில் அமர்ந்து உண்டவள் கையூன்றாமல் எழ இயலாது. கையை உயர்த்தித் தலைவார இயலாது. சென்ற ஆண்டு பொன்னூர் மலைப் படிகளில் ஓடி ஏறியவளுக்கு இவ்வாண்டு வீட்டு வாயிற்படியே மலையாகிவிடும்.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவரைத் தொற்றுவதன்று. பிள்ளையின் ஒழுக்கக் குறைவாலோ பெற்றோரின் கவனக் குறைவாலோ வருவதுமன்று. பிறவியிலேயே அமைந்த மரபுக்கூற்றுச் சார்பும், புறச்சூழலின் தூண்டுதலும் சேர்ந்து இதனைத் தோற்றுவிக்கின்றன என்பது மருத்துவர் கருத்து. ஸ்டீராய்டு மருந்துகள் வழக்கிற்கு வருமுன் இந்நோயுற்ற சிறாருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உயிரிழந்தனர். வேறொரு பங்கினர் உடல் முடங்கினர். 1948ஆம் ஆண்டில் ஃபிலிப் ஹென்ச் என்னும் அமெரிக்க மருத்துவர் மூட்டழற்சி நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் அளித்து நலங்கண்டார். 1950இல் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இன்று பிரெட்னிசோலோன், மெத்தோட்ரெக்சேட் முதலிய மருந்துகளால் பெரும்பாலான பிள்ளைகள் உயிர் பிழைத்து, படித்து, வளர்ந்து வாழ்கின்றனர்.

ஆனால் அம்மருந்திற்கும் ஒரு விலை உண்டு. ஸ்டீராய்டு உண்ணும் பிள்ளையின் முகம் வட்டமாக உப்பும், உடல் பருக்கும், பருக்கள் தோன்றும், வளர்ச்சி தடைப்படுவதும் உண்டு. தன் தோற்றத்தைப் பற்றிய எண்ணம் மேலோங்கி நிற்கும் வயதில், கண்ணாடியில் காணும் முகம் தன் முகமாக இல்லை என்னும் துயரம் சிறிதன்று. வெயில் நோயை மிகுவிக்கும் ஆதலால் தோழியருடன் திடலில் ஆடவும் தடை. பார்வைக்குக் கொழுத்திருப்பவள் படியேற மறுத்தால், அவளைச் சோம்பேறி என்பர். இத்தனையும் சுமப்பவளிடந்தான் நாம் முற்பிறவிப் பாவத்தையும் சேர்த்து ஏற்றுகின்றோம்.

"அசாதா வேதனீயம் உதயமாகாமல் நோய் வருமா? உண்மையைச் சொல்வது எவ்வாறு குற்றமாகும்?" என்று சிலர் கேட்கலாம். கொள்கையில் ஐயமில்லை. ஆனால் எந்த உயிர், எந்தப் பிறவியில், எச்செயலால் இவ்வினையை ஈட்டியது என்பது முழுதுணர் ஞானிகளுக்கன்றோ புலனாகும்? நமக்கு அந்த அறிவு இல்லை. அறியாத ஒன்றை அறிந்தார்போல் ஒரு குழந்தையின் மீது சுமத்துவது உண்மை கூறல் ஆகாது.

மேலும், தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் அசாதா வேதனீயம் வந்து சேர்வதற்குரிய காரணங்களைத் தொகுத்துள்ளார். துன்பம், சோகம், மனவெதும்பல், அழுகை முதலியவற்றைத் தனக்கோ பிறர்க்கோ விளைவித்தலே அக்காரணங்கள். இதனை ஊன்றி நோக்குக. நோயுற்றவளின் பழவினை எதுவென நாம் அறியோம். அவளை அழச் செய்யும் நம் சொல்லால் நமக்கு எவ்வினை வந்து சேர்கின்றது என்பதையோ நூல் தெளிவாகக் கூறிவிட்டது! வினைக் கொள்கை நம் கையிலுள்ள விளக்கு. நம் அடிச்சுவட்டை நோக்கிப் பிடித்தால் வழி தெரியும். பிறர் கண்ணில் காட்டினால் அவர் கண் கூசும், நமக்கும் வழி தெரியாது.

நோயில் விரதங்களைப் பற்றிய குழப்பமும் எழுகின்றது. மகள் உண்ணாநோன்பு இருந்தால் வினை கழியும் என்று எண்ணும் தாய்மாரும் உண்டு. மருந்து உண்பதே ஒரு குறைபாடோ என்று தயங்கும் பிள்ளைகளும் உண்டு. இதற்கு ஸ்ரீ சமந்தபத்ர ஆசாரியரின் வரலாறே விடை தரும். காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு போற்றும் அப்பெருமகனார், உண்பதெல்லாம் உடனே எரிந்துபோகும் பஸ்மக நோயால் வருந்தினார். துறவு நெறி வழுவாமல் சல்லேகனை ஏற்று உடலை நீத்துவிட அவர் குருவிடம் அனுமதி வேண்டினார். குருவோ இசையவில்லை. துறவுக் கோலத்தை நீக்கி, வேண்டும் உணவை உண்டு, நோயைத் தீர்த்துக்கொண்டு, பின்னர் மீண்டும் தீட்சை பெறுக என்று பணித்தார். சீடரும் அவ்வாறே செய்தார் என்பது மரபு. மாமுனிவர் ஒருவருக்கே நோய் தீரும்வரை விரதத்தை ஒத்திவைக்கும்படி குரு பணித்தாரெனின், வளரும் பிள்ளையை மருத்துவர் சொல்லை மீறிப் பட்டினி போடுவதற்கு நமக்கு ஏது நியாயம்?

ஸ்டீராய்டு மருந்தை உணவோடு உண்ண வேண்டும். நெடுநாள் உண்டபின் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஊறு நேரலாம். மெத்தோட்ரெக்சேட் இந்நோய்க்கு வாரம் ஒருமுறை மட்டுமே தரப்படுவது. நாள்தோறும் உண்டால் நஞ்சாகும். இவற்றைப் பிள்ளையும் பெற்றோரும் நன்கறிதல் வேண்டும். உறைமாத்திரையின் உறை பெரும்பாலும் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினால் ஆவது. அதனை விரும்பாதோர் வேறு வடிவில் கிடைக்குமா என மருத்துவரைக் கேட்கலாம். இரவுண்ணாமை முதலிய நியமங்களுக்கு ஏற்ப வேளையை அமைக்க இயலுமா எனவும் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை, கேளாமல் மருந்தை நிறுத்துவதே தவறு.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் அருவருப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக உத்தாயண மன்னனை நூல்கள் போற்றும். தேவன் ஒருவன் அவனைச் சோதிக்கக் கருதி, நோயால் அழுகிய உடலுடைய முனிவராக வந்தான். அரசன் இட்ட உணவை உண்டு அரண்மனையிலேயே வாந்தியெடுத்தான். சூழ்ந்திருந்தோர் விலகி ஓட, அரசனும் அரசியும் தம் கையால் அவனைக் கழுவித் தூய்மை செய்தனர். முனிவர் என்ன பாவம் செய்தாரோ என்று அரசன் வினவவில்லை. தான் அளித்த உணவில் குற்றம் இருந்ததோ என்றே வருந்தினான். நோயுற்றவர் முன் கேட்கத்தக்க கேள்வி எது என்பதை இதைவிடத் தெளிவாக எவர் காட்ட இயலும்?

நம் சமுதாயம் சிறியது. ஓரூரில் நடப்பது ஒன்பது ஊர்களுக்கும் எட்டிவிடும். அதனால் மகளின் நோயை உறவினர் அறியாமல் மறைக்கும் குடும்பங்களும் உண்டு. திருமணப் பேச்சு எழும் காலத்தில் மெய்யைச் சொல்லியே ஆகவேண்டும். அதுவரை எவர்க்கு எவ்வளவு சொல்வது என்பதை அவளையும் கேட்டு முடிவு செய்யலாம். ஆனால் வீட்டுக்குள்ளே கிசுகிசுத்து மறைத்தால், தான் குடும்பத்திற்கு இழுக்கு என்றே அவள் கற்றுக்கொள்வாள்.

நோயுற்ற இளையோர்க்கும் ஒரு சொல். உன் உடல் உனக்குப் பகையன்று. அதன் அணுக்களுக்குச் சினமோ வஞ்சமோ இல்லை. அவை இனங்காண்பதில் தடுமாறுகின்றன, அவ்வளவே. வினைக் கொள்கை உனக்கும் உரியது; பழியாக அன்று, உரிமையாக. கடந்தது எதுவாயினும், இன்றைய எண்ணமும் சொல்லும் செயலும் உன் கையில் உள்ளன. மாத்திரையை உரிய வேளையில் உண்பதும், வலியை மறைக்காமல் சொல்வதும், துன்பத்திடையே மனம் கசந்துவிடாமல் காப்பதும் நல்முயற்சியே.

பெரியோராகிய நாம் செய்யத்தக்கவை அரியன அல்ல. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களை அறிவோம். நோயுற்ற பிள்ளைக்கு ஔடதத்தை விலைகொடுத்து வாங்கித் தந்துவிடுகின்றோம். அபயத்தைத் தர மறந்துவிடுகின்றோம். "இது உன் குற்றமன்று, நாங்கள் உன்னுடன் இருக்கின்றோம்" என்னும் சொல்லே அந்த அபயதானம். அதனை இன்றே அளிப்போமாக!