குற்றம் கடல்மேல் இல்லை

மேற்கு மாம்பலம் ஞானவாபியில் ஆண்டு முழுவதும் சிராத்தம் நடக்கிறது. நுனி இலை போட்டாகிறது, எள்ளும் தர்ப்பையும் எடுத்துவைத்தாகிறது, பிண்டத்துக்குச் சாதம் வடித்தாகிறது. விரலில் பவித்திரம் போட்டு உட்காரும் கர்த்தாக்களில் அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திதிக்காகவே வந்திறங்கியவர்களும் உண்டு. சிராத்தத்தில் யாரை அழைத்துச் சாப்பாடு போடக் கூடாது என்று மனு ஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் ஒரு நீண்ட வரிசை சொல்கிறது. கடற்பயணம் போனவன் அந்த வரிசையில் இருக்கிறான். ஆனாலும் இன்றைக்கு எந்த சாஸ்திரிகளும் பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை. விமானம் வந்ததும் அந்தக் கேள்வியை நம் வீடுகள் சத்தமில்லாமல் கைவிட்டுவிட்டன. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கப்பலில் போகலாம் என்று பேச்செடுத்தால் மட்டும் அது திரும்ப எழுந்துவிடுகிறது. மூன்று இரவு தண்ணீர்மேல் இருக்கலாமா, ஆசாரம் என்ன ஆகும், பெரியவர்களை அழைத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். இதைப் பழம்பஞ்சாங்கம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கேள்வி நல்ல கேள்வி. அதைக் கடலைப் பார்த்துக் கேட்பதில்தான் பிசகு இருக்கிறது. கப்பலைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

சென்னைக்கு இது இன்று கற்பனைப் பிரச்சினையும் இல்லை. 1990-இல் பிரான்ஸின் சான் நசேரில் கட்டப்பட்டு, ராயல் கரீபியன் நிறுவனத்தில் பல காலம் ஓடிய எம்ப்ரஸ் கப்பல், பிறகு கார்டீலியா நிறுவனத்திடம் வந்தது. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து அதன் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றியது. சிங்கப்பூருக்குப் பறந்து அங்கே ஜெண்டிங் டிரீம் ஏறுகிற குடும்பங்களும் உண்டு. டிராவல்ஸ்காரரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: உள்ளறையா, ஜன்னல் அறையா, பால்கனியா, குழந்தைகளுக்கு நீச்சல் குளம் உண்டா, வெங்காயம் பூண்டு இல்லாத ஜைன சாப்பாடு கிடைக்குமா. கடைசிக் கேள்விக்கு 'உண்டு' என்று பதில் வந்ததும் ஆசார விசாரணை முடிந்துவிடுகிறது. அது முடிகிற இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் நூல்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். கடற்பயணத்துக்கு எதிராக எல்லோரும் காட்டுவது போதாயன தர்ம சூத்திரம். சாதியிலிருந்து வீழ்த்தும் செயல்களை அது அடுக்குகிறது. கடற்பயணத்துக்குப் பக்கத்திலேயே அடைக்கலப் பொருளைத் திருடுவது, நிலத்துக்குப் பொய்ச்சாட்சி சொல்வது, கண்டதையும் விற்று வணிகம் செய்வது ஆகியவை வருகின்றன. இந்தக் கூட்டத்தைக் கவனித்தால் சூத்திரக்காரரின் கவலை பிடிபடுகிறது. துறைமுகமும் சரக்கும் கொழுத்த லாபமும் மனிதனை என்னவாக ஆக்கும் என்பதுதான் அவருக்குக் கவலை. உப்புநீர் உடம்பில் பட்டதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அதே போதாயனர் இன்னொரு இடத்தில் வடக்கத்தியாருக்கு உரிய ஐந்து வழக்கங்கள், தெற்கத்தியாருக்கு உரிய ஐந்து வழக்கங்கள் என்று பிரிக்கிறார். வடக்கில் கடற்பயணம், தெற்கில் மனைவியோடு உட்கார்ந்து சாப்பிடுவது, பழைய சாதம் உண்பது, மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுவது. ஒரு நாட்டு வழக்கத்தை இன்னொரு நாட்டில் செய்தால் குற்றம் என்கிறார். அத்தை பெண்ணைக் கட்டிய வீட்டில் உட்கார்ந்து போதாயனரைக் காட்டிக் கப்பலைத் தடுப்பவர், அந்தப் பகுதியைக் கொஞ்சம் முழுதாகப் படிக்க வேண்டும். வடக்கத்தியாருக்கு அவர் விட்டுவைத்த வழக்கம் தண்ணீராலேயே வரும் தீட்டாக எப்படி இருக்கும்? மனுவும் எட்டாம் அத்தியாயத்தில், கடற்பயணம் அறிந்தவர்கள் நிர்ணயிக்கும் வட்டி செல்லும் என்கிறார். கடலோடிகள் அவர் சமுதாயத்தில் அங்கீகாரத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

இதைவிட வலுவான சான்று ராமேசுவரத்தில் இருக்கிறது. கடல் கடந்தவனுக்குப் பெரியவர்கள் சொன்ன பரிகாரம் என்ன? சேதுவில் நீராடு என்பது. சாதாரண நாளில் கடலைத் தொடாதே, பருவ நாளில் குளி, சேதுவில் மட்டும் எந்த நாளும் குளிக்கலாம் என்பது நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிற ஒழுங்கு. தீட்டுத் தரும் நீரே தீட்டைக் கழுவும் நீராகவும் இருக்க முடியாது. கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் நெவாசா கப்பலில் ஏறுவதற்கு முன் குடுமியை எடுத்தார்; நாமகிரித் தாயார் கனவில் வந்து அனுமதி தந்த பிறகே அவர் அம்மா கோமளத்தம்மாள் சம்மதித்தார். 1919-இல் திரும்பியதும் ராமேசுவரம் அழைத்துப் போகவே அம்மா விரும்பினார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1920 ஏப்ரலில் சேத்துப்பட்டில் அவர் இறந்தபோது, கடல் கடந்து பரிகாரமும் செய்யாதவர் என்று உறவினர் பலர் ஈமச்சடங்குக்கு வரவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கேம்பிரிட்ஜில் அந்த மனிதர், போர்க்கால நெருக்கடியிலும், கல்லூரிச் சாப்பாட்டு மண்டபத்தை நம்பாமல் தன் அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டார். ஆசாரம் எதில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வராமல் இருந்த உறவினர்களுக்குத் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பழைய பயம் கப்பல் என்ற இடத்தைப் பற்றியது. மூன்று வேளை சந்தி தவறும். யார் கையால் எதைச் சமைத்தார்கள் என்று தெரியாது. கூட இருப்பவர்களை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நினைத்த நேரத்தில் இறங்கிவிடவும் முடியாது. சங்கல்பத்தில் மேருவுக்குத் தெற்கே, பரத கண்டத்தில் என்று தான் நிற்கும் மண்ணைச் சொல்லிவிட்டுத்தான் கருமத்தைத் தொடங்குகிறோம். நடுக்கடலில் நிற்கிறவன் எந்த மண்ணைச் சொல்வான்? இந்தத் தவிப்பு உண்மையானது. அதற்கு வைதிகம் வழியும் கண்டது. அமெரிக்காவில் வாழ்பவர்கள் சங்கல்பத்தில் கிரௌஞ்சத் தீவு என்று மாற்றிச் சொல்லிக்கொண்டு அமாவாசைத் தர்ப்பணத்தை விடாமல் செய்கிறார்கள். இடம் மாறினால் கருமம் அழிந்துவிடும் என்ற வாதத்தை அவர்களுடைய நடைமுறையே தோற்கடித்துவிட்டது.

சாஸ்திரம் தெரிந்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். பரிகாரம் செய்துகொண்டாலும் கடல் கடந்த அந்தணனைக் கலியுகத்தில் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று கலிவர்ஜ்யம் சொல்கிறதே, கமலாகர பட்டரின் நிர்ணய சிந்து வரை அது பேசப்படுகிறதே என்பார்கள். உண்மைதான். உடுப்பியில் புத்திகே மடாதிபதி வெளிநாடு போய்வந்தவர் என்பதால் 2008 பர்யாயத்தில், அதாவது அவருடைய பூஜை முறையில், அவர் கிருஷ்ணனைத் தொட்டுப் பூஜிக்கலாமா என்று பெரிய சர்ச்சையே எழுந்தது. மூலஸ்தானத்தில் நிற்பவர் தனக்கென்று ஒரு தனி நியமத்தை ஏற்றுக்கொண்டவர். அதை அவர் காக்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் கலியில் விலக்கியவை என்று வரும் பட்டியல்களில் வானப்பிரஸ்தமும் இருக்கிறது, சந்நியாசமே இருக்கிறது. துறவியின் காலில் விழுந்து எழும் நாம், சந்நியாச விலக்குக்கு உரையாசிரியர்கள் தந்த விளக்கத்தை நன்றியோடு ஏற்கிறோம். கடல் விலக்குக்கு மட்டும் விளக்கமே கூடாது என்பது நியாயம் ஆகாது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் இன்னும் கனமானது. இந்தத் தடையெல்லாம் சாதியைக் காக்க வந்தவை; அதில் காப்பாற்ற என்ன இருக்கிறது, மொத்தமாக விட்டுவிடலாமே என்பது அது. பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்தணன் ஏறலாமா என்று ஏடுகள் விவாதித்த காலத்தில், ஏறத்தான் வேண்டியிருந்தவர்களைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லை. 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட கூலிகளை நேட்டாலுக்குக் கொண்டுபோனது. 1926 முதல் ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழ்க் குடும்பங்களைத் திறந்த தளத்தில் பாயும் மூட்டையுமாக ஏற்றிச் சென்றது. அவர்களுடைய ஆசாரம் கணக்கில் வரவே இல்லை. இந்தக் குறையை மறைக்க முடியாது. ஆனாலும், கப்பலில் யார் சமைக்கிறார்கள், நாம் உண்பது எங்கிருந்து வருகிறது, நம்மால் எது அசுத்தமாகிறது என்று பயணம் போகுமுன் விசாரிக்கச் சொன்ன அந்த மனப்பழக்கம், சாதி போன பிறகும் மிஞ்ச வேண்டிய ஒன்று. சமைப்பவனின் குலத்தை விசாரித்தது தவறு; அவன் எத்தனை மணி நேரம் நின்றான் என்று விசாரிப்பது கடமை.

அதற்கும் நூலில் இடம் இருக்கிறது. கடலோடியை விலக்கிய அதே மூன்றாம் அத்தியாயத்தில், விருந்தினரும் உறவினரும் வேலைக்காரரும் உண்ட பிறகே இல்லறத்தார் தம்பதியாக உண்ண வேண்டும் என்று மனு விதிக்கிறார். அடுத்த அத்தியாயத்தில், தண்ணீரில் மலம், சிறுநீர், எச்சில் எதையும் போடாதே என்கிறார். இந்த இரண்டையும் இன்றைய கப்பல் ஒன்றில் வைத்துப் பாருங்கள். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வேலை நேரத்துக்கு இரண்டு வழியில் வரம்பு கட்டலாம் என்கிறது: ஒரு நாளில் 14 மணி நேரமும் ஏழு நாளில் 72 மணி நேரமும் வேலைக்கு உச்சம் என்று வைக்கலாம், இல்லையென்றால் ஒரு நாளில் 10 மணி நேர ஓய்வாவது வேண்டும் என்று வைக்கலாம். எப்படிப் பார்த்தாலும் நள்ளிரவு பஃபேயில் நம் தட்டை எடுப்பவர் அன்று 14 மணி நேரம் உழைத்திருந்தாலும் சட்டத்தில் குற்றமில்லை. கழிவுநீர் விஷயத்தில், பதப்படுத்தாததைக்கூடக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், ஓடும் கப்பலிலிருந்து மெல்ல விடலாம் என்று சர்வதேச விதி அனுமதிக்கிறது. நவீன சுத்திகரிப்பு நிலையம் வைத்துக்கொண்டு அப்படி விடாத கப்பல்களும் உண்டு. 2020 முதல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது. சில கப்பல்கள் சுத்தமான எண்ணெய்க்கு மாறின. வேறு சில, பழைய எண்ணெயையே எரித்து, அதற்கு ஈடாகப் புகையைக் கடல்நீரால் கழுவி அந்த நீரைத் திரும்பக் கடலில் விடுகின்றன. ஆசாரக் கண்ணால் ஒப்பிட வேண்டிய வித்தியாசங்கள் இவை. பால்கனி இருக்கிறதா இல்லையா என்பது இவற்றுக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

சூதாட்டமும் இந்த வரிசையில் சேரும். 2022-இல் எம்ப்ரஸ் கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி மறுத்தபோது சொல்லப்பட்ட காரணம் அதிலிருந்த கேசினோ. அரசு அப்படித் தடுக்க வேண்டுமா என்பது வேறு பேச்சு. பேரக்குழந்தையைக் கைப்பிடித்துச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகிற வழி சூதாட்ட மேசைகளுக்கு நடுவே போகிறதா, தனித் தளத்தில் ஒதுங்கி இருக்கிறதா என்று தளவரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாமே. தருமன் கதையை வருஷந்தோறும் கேட்கும் குடும்பங்களுக்கு இதில் தயக்கம் எதற்கு?

விடுமுறைக்குப் போகிற இடத்தில் இத்தனை விசாரணையா, கொஞ்சம் சந்தோஷமாக இருந்துவிட்டு வரக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். அன்றைய கடற்பயணத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே என் பதில். தொல்காப்பியம் கடல்வழிப் பிரிவு பெண்ணோடு இல்லை என்றது. அன்று கடல், பொருள் தேடப் போகிற இடம். ஒருவன் போவான், வீடு காத்திருக்கும், போனதற்கு ஒரு பயன் இருக்கும். சென்னையில் ஏறி நடுக்கடல் வரை போய்ச் சென்னையிலேயே இறங்கும் பயணத்தில் முழுக் குடும்பமும் போகிறது. சேரும் ஊர் என்று ஒன்று இல்லை, தரிசனம் இல்லை, வணிகம் இல்லை. சரக்குக் கப்பலுக்காவது 'ஊருக்கு அரிசி வருகிறது' என்ற நியாயம் உண்டு. இங்கே கப்பலே பயணத்தின் முழுப் பொருளும். அதனால் கப்பலில் நடப்பது எதற்கும் வேறொரு நன்மையைச் சாக்காகக் காட்ட நமக்கு வழியில்லை. சந்தோஷம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் மெரினா மணலில் நின்றே கடலைப் பார்த்த ஒரு பாட்டி, நடுக்கடலில் சூரியோதயம் பார்ப்பது பெரிய பாக்கியம். அந்தப் பாக்கியத்தை யாருடைய தூக்கத்தை விலையாகக் கொடுத்து வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பயணிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்ற நடைமுறைக் கேள்வி மிச்சம் இருக்கிறது. முன்பணம் கட்டுமுன் ஏஜென்சிக்கு எழுத்தில் கேட்கலாம்: கழிவுநீர் எப்படிப் பதப்படுகிறது, என்ன எண்ணெய் எரிகிறது, ஊழியர் ஒப்பந்தம் எத்தனை மாதம், டிப்ஸ் என்று நம்மிடம் பிடிக்கும் பணம் யாருக்குப் போகிறது. ஜைன சாப்பாடு பற்றிப் பல பேர் விடாமல் கேட்டதால்தான் அது இன்று விளம்பரத்திலேயே வருகிறது. இதையும் பல பேர் கேட்டால் பதில் தயாராகும். பதில் தராத கப்பலை விட்டுவிட்டு, தருகிற கப்பலுக்கு ஒரு வருஷம் காத்திருக்கலாம். ஏறிய பிறகும் ஒரு வழி உண்டு: தொழிலாளர் சான்றிதழின் பிரதியைக் கப்பலில் ஊழியர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே கட்டாயப்படுத்துகிறது. அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று வரவேற்பு மேசையில் கேட்கலாம்.