புதைத்த தாலந்தும் வட்டிக்கு விட்ட தாலந்தும்



பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியாகும் நாட்களில் நம்முடைய பல வீடுகளில் சமாதானம் குறைந்துபோகிறது. மகன் ஓவியம் படிக்க வேண்டும் என்கிறான். தகப்பனார் பாலிடெக்னிக்கில் சேரச் சொல்லுகிறார். மகள் சங்கீதம் கற்க ஆசைப்படுகிறாள். தாயாரோ, நர்ஸ் படிப்புதான் நாளைக்குச் சோறு போடும் என்கிறாள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கத்திலும் கண்ணீரும் இருக்கிறது. கடைசியில் பங்கு வீட்டுக்கு வந்து, "சாமி, நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று நிற்கிறார்கள்.

ஒவ்வொரு பிள்ளையின் காரியமும் வேறு வேறு. ஆகையால் எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் எந்த வீட்டிலும் தீர்ப்புக்கு முன் நினைக்கவேண்டிய ஒரு காரியம் உண்டு. அது அர்ச். மத்தேயு எழுதின சுவிசேஷம் 25-ம் அதிகாரத்தில், தாலந்துகளின் உவமையில் அடங்கியிருக்கிறது.

அந்த உவமையை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். தூரதேசம் போகிற எஜமான் தன் ஊழியர்களில் ஒருவனுக்கு ஐந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று என்று அவரவர் திறமைக்குத் தக்கபடி தாலந்துகளைக் கொடுத்தான். ஒரு தாலந்து என்றால் சில்லறைக் காசு என்று எண்ணாதீர்கள். அந்தக் காலத்துக் கூலியாள் ஒருவன் ஏறக்குறைய இருபது வருஷம் உழைத்துச் சம்பாதிக்கும் தொகை அது. மிகவும் குறைவாகப் பெற்றவன்கூட பெருந்தொகையைத்தான் பெற்றான். முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்கினார்கள். மூன்றாமவன் குழி தோண்டிப் புதைத்துவிட்டான்.

இதில் நாம் கவனியாமல் கடந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. எஜமான் மூன்றாமவனைப் பார்த்து, நீ ஏன் மற்ற இருவரைப்போல வியாபாரம் செய்யவில்லை என்று மாத்திரம் கேட்கவில்லை. உனக்கு வியாபாரம் செய்யத் துணிவு இல்லையென்றால் பணத்தை வட்டிக்காரரிடத்திலாவது போட்டிருக்கலாமே, வட்டியோடு வாங்கிக்கொண்டிருப்பேனே என்கிற கருத்தில் பேசுகிறான். பார்த்தீர்களா? அந்த ஊழியன் முன்னே இருந்தவை இரண்டு வழிகள் அல்ல, மூன்று: வியாபாரம் செய்வது, வட்டிக்கு விடுவது, புதைப்பது. முதல் இரண்டும் எஜமானுக்குச் சம்மதம். மூன்றாவது ஒன்றுதான் குற்றம். அந்தக் குற்றத்துக்குக் காரணம் என்ன என்றால், அவனே சொல்லுகிறான்: பயம்.

நம் வீடுகளில் நடக்கிற சண்டையோ, இரண்டே வழிகள்தான் உண்டு என்பதுபோல நடக்கிறது. பிள்ளை, "எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கலைக்கே போவேன்" என்கிறது. பெற்றோர், "அதை அடியோடு மறந்துவிட்டு வேலைக்குப் படி" என்கிறார்கள். நடுவில் இருக்கிற வழியை ஒருவரும் பார்ப்பதில்லை. இந்த மூன்று வழிகளையும் நமக்குத் தெரிந்த மனிதர்களைக் கொண்டு பார்ப்போம்.

முதலாவது, வியாபாரம் செய்கிற வழி. கொடையையே தொழிலாக எடுத்துக்கொள்வது. இதற்கு நம் மாவட்டத்திலேயே பெரிய சாட்சி இருக்கிறது. பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்த இளையராஜா, மேலே படிக்கப் பணமில்லாமல், இந்த வைகை அணை கட்டப்பட்ட காலத்தில் இங்கே கூலி வேலை செய்தவர். 1959 ஜனவரி 21-ந் தேதி முதலமைச்சர் காமராஜர் திறந்துவைத்த அணை இது. இதன் மேல் நாம் மாலையில் உலாவப் போகிறோம். அந்தச் சுவருக்குள் ஏழைப் பிள்ளைகளின் வியர்வையும் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

ஆனால் இளைஞர்களே, அவர் கதையில் நீங்கள் விரும்பிச் சொல்லுகிற பாகம் ஒன்று. சொல்லாமல் விடுகிற பாகம் வேறொன்று. தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தார், பிள்ளைகள் சென்னைக்குப் பஸ் ஏறினார்கள், 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது, உலகம் பாராட்டியது என்று சொல்லுகிறீர்கள். நடுவில் நடந்தது என்ன? சென்னைக்குப் போகுமுன்பே, அண்ணன் பாவலர் வரதராஜனோடு வருஷக்கணக்காக ஊர் ஊராய் மேடைகளில் வாசித்துப் பழகியிருந்தார். 1960-களின் கடைசியில் சென்னை போனபிறகும் உடனே இசையமைப்பாளர் ஆகவில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவனாக உட்கார்ந்து மேல்நாட்டு சங்கீதத்தை எழுதவும் படிக்கவும் கற்றார். பிறருடைய பாட்டுகளுக்குக் கூலிக்குக் கிட்டார் வாசித்தார். ஜி. கே. வெங்கடேஷ் என்ற இசையமைப்பாளரிடம் உதவியாளராக இருந்தார். இப்படி ஏழெட்டு வருஷம் போயிற்று. 2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது அவருக்கு வயது 81. அந்த வயதிலும் எழுதி, ஒத்திகை பார்த்து, மேடையேறியிருக்கிறார்.

வியாபாரம் என்றால் இதுதான். சரக்கை அறிவது, சந்தையை அறிவது, பெரியவரிடம் கைகட்டிக் கற்பது, நஷ்டத்தைத் தாங்குவது. ஆசை மாத்திரம் இருந்து இந்தப் பிரயாசைக்கு மனமில்லாதவன், தாலந்தை வியாபாரத்தில் போட்டவன் அல்ல, சந்தையில் தொலைத்தவன். பழைய ஏற்பாட்டிலும் பாருங்கள். ஆண்டவர் தம்முடைய கூடாரத்தைச் செய்வதற்குப் பெசெலேல் என்பவனைப் பேர் சொல்லி அழைத்தார் என்று யாத்திராகமம் 31-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவனுக்கு அருளியது வெறும் உற்சாகம் அல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்கிற கைத்திறமை.

இரண்டாவது, வட்டிக்கு விடுகிற வழி. பிழைப்புக்கு ஒரு வேலை, அதன் பக்கத்திலே கொடையையும் சாகவிடாமல் வளர்ப்பது. இதை இரண்டாந்தரமான வழி என்று ஒருவரும் இகழவேண்டாம். தமிழின் முதல் நாவல் எப்படி வந்தது தெரியுமா? அதை எழுதினவர் நம் கத்தோலிக்க வேதத்தைச் சேர்ந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் குளத்தூரில் 1826-ல் பிறந்தவர். நீதிமன்றத்தில் வேலை பார்த்து, முன்சீப் ஆனவர். பகலெல்லாம் வழக்குக் கேட்டவர் 1859-ல் 'நீதிநூல்' வெளியிட்டார், கீர்த்தனைகள் பாடினார், பெண்கல்விக்காக எழுதினார். உத்தியோகத்தை விட்டு ஓய்ந்தபிறகு, 1879-ல், 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது. அவருக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது. உத்தியோகம் அவருடைய தமிழைக் கொன்றதா? இல்லையே. நீதி ஸ்தலத்தில் கண்ட மனிதர்களே அவருடைய எழுத்துக்கு எருவானார்கள்.

அர்ச். சின்னப்பரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கொரிந்து பட்டணத்தில் கூடாரத் தொழில் செய்து சாப்பிட்டுக்கொண்டே சுவிசேஷம் போதித்தார். ஊசி பிடித்த கையால் அவருடைய அப்போஸ்தல ஊழியம் குறைந்துபோகவில்லை.

சிலருக்கு வட்டிக்கு விட்டது பின்பு வியாபாரமாக மாறும். அல்லிநகரத்துப் பாரதிராஜா சினிமாவுக்குப் போகுமுன் சுகாதார ஆய்வாளர் உத்தியோகம் பார்த்தார். பிறகு சென்னை சென்று மற்ற டைரக்டர்களிடம் உதவியாளராய் இருந்து, 1977-ல் '16 வயதினிலே' எடுத்தார். வேலையில் இருந்த காலம் அவருக்கு வீண் போகவில்லை. நம் கிராமங்களையும் கிராமத்து ஜனங்களையும் கிட்டே நின்று பார்த்த காலம் அது.

மூன்றாவது, புதைக்கிற வழி. இதைத்தான் நான் பயப்படுகிறேன். பெற்றோரும் புதைக்கலாம், பிள்ளையும் புதைக்கலாம். பிள்ளையின் வர்ணப் பெட்டியைத் தூக்கி எறிகிறவர், தபேலாவைப் பரணில் ஏற்றிப் பூட்டுகிறவர், "இனி இந்தப் பேச்சையே எடுக்காதே" என்கிறவர், பயத்தினால் குழி தோண்டுகிறார். அப்படியே, நாள் முழுவதும் செல்போனில் பிறர் பாடுவதையும் ஆடுவதையும் பார்த்துக்கொண்டு, தான் ஒரு நாழிகைகூட சாதகம் செய்யாமல், "என்னைப் பெற்றோர் விடவில்லை" என்று முணுமுணுக்கிற பிள்ளையும் குழி தோண்டுகிறது. மண் வேறு, குழி ஒன்றுதான்.

அணைக்கரையில் குடியிருக்கிற நமக்கு இது விளங்காமல் போகாது. வைகை அணையின் உயரம் 111 அடி. தண்ணீர் தேக்குவது 71 அடி. தேக்குவது தண்ணீரைச் சிறைப்படுத்தவா? இல்லை. பருவம் அறிந்து, அளவு அறிந்து, மதுரைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் திறந்துவிடத்தான். மதகு இல்லாமல் அணை கட்டுகிற என்ஜினீயர் உலகத்தில் இல்லை. பெற்றோரே, "முதலில் வேலைக்குப் படி" என்று நீங்கள் அணை கட்டினால் கட்டுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் மதகு வையுங்கள். வாரத்தில் இத்தனை மணி நேரம் அவனுடைய கலைக்கு, வருஷத்தில் இவ்வளவு ரூபாய் அதைக் கற்பிக்கிற ஆசிரியருக்கு, படிப்பு முடிந்து இரண்டு வருஷம் கழித்து மறுபடி பேசுவோம் என்று ஒரு வாக்கு. இவ்வளவு போதும், பிள்ளை உங்கள் பேச்சைக் கேட்கும்.

அணையைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. இந்த நீர்த்தேக்கத்துக்காக ஊர்கள் மூழ்கின. நிலத்தையும் வீட்டையும் விட்டுக் குடியானவர்கள் வெளியேறினார்கள். அந்தத் துயரத்தையே வைரமுத்து 2001-ல் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்ற நாவலாக எழுதினார். எந்தப் பெரிய காரியத்திலும் யாரோ ஒருவருடைய நிலம் மூழ்குகிறது. ஆகையால் மகனே, நீ கலைக்குப் போக வீட்டை நெருக்கும்போது, யாருடைய பங்கு மூழ்குகிறது என்று கேள். உன் கட்டணத்துக்காகத் தங்கையின் படிப்பு நிற்கிறதா? ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்க் கூலி வேலை பார்க்கிற உன் தாய் அடகு வைத்த கம்மலை மீட்க முடியாமல் போகிறதா? தகப்பனாரே, உம்மிடமும் அதே கேள்வி. மூத்த மகனின் என்ஜினீயரிங் சீட்டுக்கு வட்டிக்குக் கடன் வாங்குகிறவர், மகள் அரசுக் கல்லூரியில் ஓவியம் படிக்கக் கேட்டால் "பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்று சொல்வது என்ன நீதி?

இனி, செய்யவேண்டியது என்ன? மூன்று காரியம் சொல்லுகிறேன்.

ஒன்று, விசாரியுங்கள். கலை என்றால் சினிமாவுக்கு ஓடிப்போவது என்று எண்ணிப் பயப்படுகிற பெற்றோர் பலர். சென்னையில் 1850-ல் தொடங்கின அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி நடக்கிறது. மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. தரமணியில் அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கிரமமான படிப்பு, அரசாங்கத்தின் சான்று. அரசு 2022-ல் தொடங்கின 'நான் முதல்வன்' திட்டத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மேற்படிப்பு வழிகாட்டுதல் உண்டு. பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். கேளாமலே மறுப்பதும், கேளாமலே குதிப்பதும் ஒரே விதமான மடமை.

இரண்டு, சோதியுங்கள். பிள்ளையின் ஆசை நெருப்பா, வெறும் புகையா என்று எப்படி அறிவது? ஆறு மாதம், தினமும், ஒருவரும் கைதட்டாதபோதும் அதைச் செய்கிறானா என்று பாருங்கள். அந்தக் கலையை உண்மையாய் அறிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் குறை சொல்லும்போது பிள்ளை கோபித்துக்கொண்டு வருகிறதா, திருத்திக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். திருத்திக்கொள்கிற பிள்ளைக்கு வழிவிடுங்கள்.

மூன்று, திரும்பி வரக் கதவைத் திறந்துவையுங்கள். இளையராஜாவைப்போல நம் பக்கத்திலிருந்து பஸ் ஏறினவர் எல்லாரும் இளையராஜா ஆகவில்லை. தோற்றுத் திரும்புகிற மகனுக்கு வீட்டில் ஒரு தட்டுச் சோறும் ஏச்சில்லாத ஒரு வார்த்தையும் இருக்கவேண்டும். ஊதாரிப் பிள்ளையின் தகப்பன் வாசலில் காத்திருந்தானே! இந்தப் பிள்ளையோ சொத்தைக் கூத்தில் அழிக்கவில்லை. உழைத்துப் பார்த்துவிட்டு வருகிறான். அவன் பிறகு பள்ளியில் பாட்டு வாத்தியாராகலாம், கோவிலில் ஆர்மோனியம் வாசிக்கலாம், கடை வைத்துக்கொண்டு ராத்திரியில் எழுதலாம். அதுவும் வட்டிதான், எஜமான் அதையும் ஏற்றுக்கொள்வார்.

சர்வேசுரன் ஒரு நாள் நம்மிடம் கணக்குக் கேட்பார். அப்போது, உன் மகன் எவ்வளவு சம்பாதித்தான் என்று கேட்பாரா? நான் அவன் கையில் கொடுத்தனுப்பினதை என்ன செய்தீர்கள் என்றல்லவா கேட்பார்! வியாபாரம் செய்தோம் ஆண்டவரே என்று சொல்லுங்கள். அல்லது வட்டிக்கு விட்டோம் என்று சொல்லுங்கள். பயந்து புதைத்தோம் என்று மாத்திரம் சொல்லும்படி நேராதிருக்கட்டும்.

இந்த வாரம் ஒரு நாள் இரவு ஜெபமாலை முடிந்தபின், டெலிவிஷனை நிறுத்திவிட்டு, பிள்ளையும் பெற்றோரும் ஒன்றாய் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பேசுங்கள். நாசரேத்தூரில் தச்சுத் தொழில் செய்து திருக்குடும்பத்தைக் காத்த அர்ச். சூசையப்பர் உங்கள் பேச்சுக்குத் துணையிருப்பாராக.

ஆமென்.